நூற்றுப் பதிமூன்றாம் அட்டை

அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு போடலாம் என்று சொன்ன புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

எங்கள் வார்டில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து அன்னம்மாள் மேடம் வந்திருந்தார். வாலாஜாபாத்காரர், ஐம்பது வயதிருக்கும். நெசவாளர் சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் கூடியிருந்தோம். குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமைகளைப் பற்றி அவர் வாயைத் திறந்ததுமே ஆண்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க தெருவுல அதெல்லாம் இல்லீங்க மேடம். இது கோயில் தெரு" என்றார் சங்கச் செயலாளர் கலியாணசுந்தரம். பள்ளிக்கூடத்தில் புகார்ப் பெட்டி வைக்கலாம் என்றதும் கூச்சல் கிளம்பியது. பிடிக்காதவன் மேல் எவனாவது எதையாவது எழுதிப் போட்டால் தெருவின் மானம் என்ன ஆவது?

மேடத்தின் முகம் விழுந்துவிட்டது. நான் அங்கன்வாடி டீச்சர். குழுவுக்கு என்னைத்தான் செயலாளராகப் போட்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நமக்குத்தான் அது வராதே. "கோயில் உண்டியல் மாதிரி வெச்சிக்கலாம்" என்றேன். உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அறநிலையத் துறை ஆபீசரிடம், இன்னொன்று தர்மகர்த்தாவிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். உள்ளே இருப்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எண்ணி முடித்துக் கையெழுத்து ஆகும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி எதையும் சொல்ல முடியாது. கை தட்டினார்கள். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, ஊர்ப் பக்கத்துச் சாவி யாரிடம் இருப்பது? கூட்டம் ஒரே குரலில் சொன்னது: "பெரியப்பாகிட்ட."

பெரியப்பா என்று தெருவே கூப்பிடுவது திருஞானசம்பந்தத்தை. எட்டுத் தறி வைத்திருப்பவர். அறுபத்து மூன்று வயது. நெற்றி நிறைய விபூதி. வருஷா வருஷம் எங்கள் தெரு அம்மனுக்கு ஒரு பட்டுச்சேலை அவர் செலவில் சாத்துகிறார். மற்ற தறிகளுக்கு ஆள் உண்டு. அம்மன் சேலையை மட்டும் தானே உட்கார்ந்து நெய்வார்.

எனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அந்த அம்மன் சேலைக்குக் கோர்வைக்கு உட்கார்ந்தேன். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார். பக்கத்தில் அதே பலகையில் ஒட்டி உட்கார்ந்து கரைப்பக்கத்துக்கு நூலோட்டும் கட்டையான நாடாவைத் தள்ளிக் கொடுப்பது இன்னொருவர். கால் தறிக்குழிக்குள், கை நூலுக்குள், எழுந்து ஓட வழியில்லை. அவர் கை நாடாவில் இல்லாத நேரங்களில் எங்கே இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லப் போனேன். அதற்கு முந்தின நாளே அவர் என் அப்பாவைக் கூப்பிட்டு, என்னை முன்னால் நிறுத்தி, "உன் பொண்ணு ஜரிகை திருடுறா" என்று சொல்லிவிட்டார். அப்பா அங்கேயே வைத்து அடித்தார். அதற்கப்புறம் திருடி சொல்வதை யார் கேட்பார்கள்?

ஆக, கூட்டம் அவர் பெயரைச் சொன்னபோது நான் எழுந்து வேண்டாம் என்றிருக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை. வாயைத் திறக்கவில்லை. கிழவராகிவிட்டார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த பெருமை என்னுடையது.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண்களிடம் பெட்டியைக் காட்டிப் பேசினேன். "பேர் எழுத வேணாம். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. இது என் மேல சத்தியம்" என்று தலையில் அடித்துச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கி, "நெசமாவே தெரியாதா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அது ஷாரோன். செவிலிமேட்டிலிருந்து வருகிறவள். அப்பா சத்யராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பெரியப்பாவின் தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் அங்கே போவாள், கோர்வைக்கு. அந்த வருஷத்து அம்மன் சேலைக்கு அவள்தான். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் "நெசமா தெரியாதுமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் இரண்டு மாதமும் பெட்டியில் ஒன்றுமில்லை. "பாத்தியாமா, நம்ம தெரு" என்று பெரியப்பா பூரித்துப் போனார்.

மூன்றாவது மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, நாலு மணி. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிச் சங்கக் கட்டடத்துக்கு எடுத்துப்போவது என் வேலை. கையில் எடுத்ததும் உள்ளே ஏதோ இடித்தது. நடக்க நடக்க 'டக் டக்' என்று தகரத்தில் மோதியது. காகிதம் இப்படிச் சத்தம் போடாது. குழந்தைகள் பென்சில் ஏதாவது போட்டிருக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு போனேன்.

உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். மேடம் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் ரிஜிஸ்டரைத் திறந்து தேதி போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்தால் நான் தரையைப் பார்ப்பேன். இருபத்தேழு வருஷப் பழக்கம்.

மேடம் தன் பூட்டைத் திறந்தார். பெரியப்பா தன் பூட்டைத் திறந்தார். நான் கையை உள்ளே விட்டேன்.

முதலில் ஒரு சாக்லேட் காகிதம் வந்தது. அடுத்து நோட்டிலிருந்து கிழித்த ஒரு சீட்டு: 'பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை.' அதைச் சத்தமாகப் படித்தேன். கலியாணசுந்தரம் எழுதிக்கொண்டார். "இது நியாயமான புகாரு" என்றார் பெரியப்பா.

மறுபடி கையை விட்டேன். விரலில் ஓட்டைகள் பட்டன.

பார்க்கவே வேண்டியதில்லை. அங்கன்வாடி முடிந்து வீட்டில் நான் செய்வது ஜக்கார்டு அட்டை அடிக்கிற வேலை. தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் அதில் வரிசையாகச் சுற்றும். ஓட்டை விழுந்த இடத்தைப் பொறுத்துச் சேலையில் அன்னமோ கோபுரமோ வரும். நான் அடித்த அட்டையை இருட்டில் தடவிக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன். தப்பாக விழுந்த ஓர் ஓட்டையை மூடி நான் ஒட்டிய சின்னக் காகிதம் விரலில் தட்டுப்பட்டது. ஓரத்தில் கிழிசலும் இருந்தது.

அம்மன் சேலைக்கு அடித்த அட்டை. நூற்றுப் பதிமூன்று.

போன மாதம்தான் அந்தத் தறியில் மூன்று அட்டை கிழிந்துவிட்டது என்று, அவர் தரும் பாவு நூலை வாங்கி வீட்டில் நெய்யும் என் வீட்டுக்காரர் குமரகுருவிடம் மாதிரிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார் பெரியப்பா. புதிதாக மூன்று அடித்தேன். பழைய மூன்றையும் சேர்த்துக் கட்டித் திருப்பி அனுப்பினேன். அவை அவருடைய கொட்டகையில் ஒரு மூலையில் கிடந்திருக்கும். அதில் ஒன்று இங்கே எப்படி வரும்? அந்தத் தறியில் உட்காருவது இரண்டே பேர். ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

அட்டையைப் பாதி வெளியே எடுத்து, எழுத்து இருந்த பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் படித்தேன். பால்பாயின்ட் பேனா, ஓட்டைகளை ஒதுக்கி ஒதுக்கி எழுதிய குண்டு எழுத்து.

'நான் பத்தாவது படிக்கிறேன். கோர்வைக்கு உக்காரும்போது அவர் கை தப்பு தப்பா வருது. தள்ளி உக்காந்தா திட்டறார். அம்மாகிட்ட சொன்னா அம்மாவுக்கு வேலை போயிடும்னு சொல்றார். ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. ரொம்ப பயமா இருக்குது. நீங்க பேர் எழுத வேணாம்னு சொன்னீங்க. அதனால எழுதல.'

பாவம், பேர் எழுதவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வெளியூரில் இதை யார் கையில் கொடுத்தாலும் வெறும் அட்டை. எங்கள் தெருவில் இதுவே முழு விலாசம். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நானும் அவரும். கலியாணசுந்தரத்துக்குக் கூட்டுறவுக் கணக்கு எழுதத்தான் தெரியும், அட்டை தெரியாது.

"படிமா" என்றார் கலியாணசுந்தரம். "எது வந்தாலும் சத்தமா படிக்கணும். நீ போட்ட ரூல்தான்."

"என்ன அது, சங்கீதா? குடுங்க, நான் படிக்கிறேன்" என்று மேடமும் கையை நீட்டினார்.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "அது ஜக்கார்டு அட்டையாச்சே. இப்டி குடு பாப்போம்."

அவர் கை மேஜையைத் தாண்டி வந்தது. விரல்கள் அதே விரல்கள்தான், தோல்தான் சுருங்கியிருந்தது. எனக்கு இப்போது பயம் ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷன் இதைக் கையில் வாங்கி ஓட்டையைப் பார்ப்பார். எழுந்து இரண்டு தெரு நடந்து கொட்டகைக்குப் போவார். ஷாரோன் இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவள் அம்மாவைக் கூப்பிடுவார். அவளை முன்னால் நிறுத்துவார். ஆறு மணிக்குள் அவள் ஜரிகைத் திருடி. அப்புறம் கலெக்டரே வந்து கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள், நான் சொன்ன மாதிரி.

அட்டையின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்த எண்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"படிக்க வேணாம் மேடம்" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. "இது நான் எழுதிப் போட்டது."

பெரியப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"நீயே போட்டு நீயே எடுக்கறியா?" என்று கலியாணசுந்தரம் சிரிக்கப் பார்த்தார். "இன்னாமா வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்லண்ணா. வேற எப்டி சொல்றதுன்னு தெரியல."

எண்ணை மூடிய விரலை எடுக்காமலே அட்டையை மேடத்தின் கையில் வைத்தேன். மேடம் படித்தார். முதல் வரியில் அவர் கண் நின்றது. நிமிர்ந்து என் முன்நெற்றி நரையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். இந்த அம்மாள் இப்போது 'நீங்க பத்தாவதா?' என்று கேட்டால் எல்லாம் முடிந்தது. நான் அம்மனைக் கும்பிட்டேன். பெரியப்பாவின் சேலையைக் கட்டிக்கொள்கிற அம்மனைத்தான், வேறு யாரைக் கும்பிடுவது?

மேடம் அட்டையை ஃபைலுக்குள் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினார். "சரி. சங்கீதா குடுத்த புகார். ரிஜிஸ்டர்ல அப்டியே எழுதிக்கலாம்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாரோ.

"புகாரு யார் மேல?" என்று பெரியப்பா கேட்டார்.

"உங்க மேல, பெரியப்பா."

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் சொல்ல முடியாமல் இருந்தது இரண்டு வார்த்தைதான்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். "இவளுக்கு ஒடம்பு செரியில்ல போல" என்று கலியாணசுந்தரத்திடம் சிரித்தபடி சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார். எழுந்திருக்கப் போகிறார்.

நான் தாழ்ப்பாள் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கம் எழுதினேன். 'ஷாரோன், பத்தாவது. இவர் கொட்டகையில் இருக்கிறாள். இவர் போறதுக்குள்ள.' மடித்து மேடத்திடம் நீட்டினேன். "இந்தத் தாழ்ப்பாள் விஷயத்த ஹெச்.எம். டீச்சருக்கு இப்பவே போன்ல சொல்லிடுங்களேன் மேடம்."

மேடம் பிரித்துப் பார்த்தார். "ஆமா, அது அவசரம்" என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"நானும் கெளம்பறேன். தறியில வேலை இருக்குது" என்று பெரியப்பா எழுந்தார்.

"கையெழுத்து ஆவலையே" என்றேன்.

"இன்னாடி கையெழுத்து?"

"உண்டியல் தொறந்தா கையெழுத்து ஆவற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. இந்த எடத்துலதான ஒத்துக்கினீங்க எல்லாரும். கலியாணசுந்தரம் அண்ணாதான் மினிட்ஸ்ல எழுதுனாரு."

கலியாணசுந்தரம் விதிமுறைக்கென்றே பிறந்தவர். சங்கத்தில் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் ஆப்சென்ட் போடுகிற ஆள். யாரையும் பார்க்காமல், "அது வாஸ்தவம்தான். உக்காருங்க பெரியப்பா. ரூல்னா ரூல்" என்றார்.

பெரியப்பா உட்கார்ந்தார். எழுந்து போனால் பயந்து போன மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார். "எழுது. இன்னா எழுதறன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

ரிஜிஸ்டரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் வேண்டும்? பள்ளிக்கூடத்திலிருந்து கொட்டகைக்கு டீச்சர் நடந்தால் பத்து நிமிஷம். கூப்பிட்டு வெளியே கொண்டுவர இன்னும் ஐந்து. அந்தப் பதினைந்து நிமிஷத்தை நான் எதைக் கொண்டு நிரப்புவது? என்னிடம் இருந்தது ஒரே ஒரு சங்கதிதான்.

எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த வருஷம், எந்த மாசம், எத்தனாவது தறி. பலகையில் எந்தப் பக்கம் நான், எந்தப் பக்கம் அவர். அன்று நெய்த சேலை என்ன நிறம், கரை என்ன நிறம். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. கலியாணசுந்தரம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. ஆனால் என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

"பொய்யி" என்றார் பெரியப்பா. "ஜரிகை திருடி வெளிய போனவ இவ. அப்பனுக்கே தெரியும்."

"திருடல. நான் சொல்லிடுவேன்னு பயந்து நீங்கதான் முந்திக்கினீங்க."

"குமரகுரு தறியில ஏறியிருக்கிற பாவு யாருது? என்னுது. நாளைக்கு நீங்க சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?"

நியாயமான கேள்வி. வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை.

திடீரென்று அவர் கண் ஃபைலுக்குப் போனது. அங்கேயே நின்றது. அவர் மூளை அட்டைக்குத் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அதுல ஓரத்துல கிழிசல் இருந்துதே. அது நம்ம அம்மன் சேலை அட்டையாச்சே" என்றார் மெல்ல. "அது எப்டி உங்கிட்ட?"

"நீங்க மாதிரிக்குக் குடுத்தனுப்பினது. என்கிட்டயே நின்னுடுச்சு."

"மூணும் திரும்பி வந்துதே."

"ரெண்டுதான் அனுப்பினேன். வூட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்க."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது அவர் போய் எண்ணினால் இரண்டுதான் இருக்கும், மூன்றாவதுதான் இங்கே இருக்கிறதே. ஆனால் திரும்பி வந்த அன்று எண்ணிப் பார்த்திருந்தால்? அவர் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நான் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது இன்றுவரை ஞாபகமில்லை.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் போய்ட்டு வந்துடறேன்."

"உக்காருங்க" என்றார் கலியாணசுந்தரம்.

"இன்னாடா நீயும்?"

கலியாணசுந்தரம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு நேராகப் போட்டு அதில் உட்கார்ந்தார். ரிஜிஸ்டர் எழுதுவதற்குத் தவிர வேறெதற்கும் அந்த மனுஷன் வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லை. பெரியப்பா அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. வாசலில் மேடம் நின்றிருந்தார். பெரியப்பா போகவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேடம் உள்ளே வந்தார். ரிஜிஸ்டரைச் சரிபார்க்கிற மாதிரி என் பக்கம் குனிந்து போனைக் கண்முன் பிடித்தார். ஹெச்.எம். டீச்சரின் செய்தி: 'ஷாரோனும் அவள் அம்மாவும் என் அறையில் இருக்கிறார்கள்.'

அப்போதுதான் என் கை நின்றது. பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை, விரல்கள் அப்படியே மடங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

"இவ எழுதினதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் பெரியப்பா.

"போட வேணாம். மறுத்துட்டீங்கன்னு எழுதிக்கறேன்" என்றார் மேடம். "சாவிய மட்டும் வெச்சிட்டுப் போங்க."

சுருக்குப் பையிலிருந்து சாவி வந்தபோது கூடவே விபூதி சிந்தியது. அவர் அதை மேஜையிலிருந்து வழித்து நெற்றியில் பூசிக்கொண்டார். "நாளைக்குக் காலையில பாவ எறக்கிடச் சொல்லு உன் புருசன" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கலியாணசுந்தரம் நாற்காலியோடு நகர்ந்து வழிவிட்டார்.

மேடமும் நானும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். மேடம் மகளிர் போலீசுக்குப் போன் பேசிக்கொண்டே வந்தார், யூனிபார்ம் வேண்டாம், சேலையில் வாருங்கள் என்று. பின்னால் வேகமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. கலியாணசுந்தரம்.

"சங்கீதா. திருப்புட்குழியில கட்டிக் குடுத்திருக்கேனே, என் பொண்ணு" என்றார். மூச்சு வாங்கியது. "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருசம் அந்தக் கொட்டாய்க்குத்தான் கோர்வைக்குப் போச்சி. நாந்தான் அனுப்பினேன். இப்பல்லாம் ஊருக்கு வான்னா வர மாட்டேங்குது. ஏன்னு கேட்டா சொல்லாது."

நானும் மேடமும் நின்றோம். அவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

ஹெச்.எம். அறையில் ஷாரோன் பெஞ்சின் ஓரத்தில், பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாக்காரி ஒன்றும் புரியாமல் நின்றிருந்தாள், விரலில் இன்னும் பட்டு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அவர்களிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஷாரோனுக்கு விளங்கிவிட்டது.

"நான் ஒண்ணும் எழுதல ஆன்ட்டி" என்றாள், நான் எதையும் கேட்பதற்கு முன்னாலேயே. "சத்தியமா நான் எழுதல. அந்த அட்டைய நான் பாத்ததே இல்ல."

அட்டை என்று நான் சொல்லவில்லை. தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. 'யாருக்கும் தெரியாது' என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அவள் எழுதியது கைக்கு வந்த அன்றைக்கே அவளைத் தேடி வந்து நிற்கிறேன். அவள் பார்வையில் நானும் அவர் மாதிரிதான், சொன்னதற்கு மாறாகச் செய்கிற பெரியவள். வெட்கமாக இருந்தது.

தரையில் அவள் காலருகே உட்கார்ந்தேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

"நீ எழுதலமா" என்றேன். "நான்தான் எழுதினேன். ரிஜிஸ்டர்ல என் பேருதான் இருக்குது. பெரியப்பா முன்னாடியே எழுதினேன். போய்ப் பாத்தாலும் அப்டித்தான் இருக்கும்."

வெளியில் மேடம் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஷாரோனின் கை பை வாரை விட்டுவிட்டு என் தோளுக்கு வந்தது. சில்லென்று இருந்தது.

"உங்களையுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அம்மா அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.